வீவக புளோக்கில் எது யார் பொறுப்பு?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். மேல்மாடியிலிருந்து சிகரெட் துண்டுகள் விழுகின்றன. பக்கத்து வீட்டார் தாழ்வாரத்தைச் சாமான் அறையாக்கிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் தலைக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தம். மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். இதையெல்லாம் நகர மன்றம்தானே பார்க்கவேண்டும்? நாங்கள் ஏன் அக்கம்பக்கத்தாரிடம் பேசிப் பகையைத் தேடிக்கொள்ள வேண்டும்?

பதில்:

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டும் கட்டணம் பொது இடத்தைக் கூட்டவும் கழுவவும் பழுதுபார்க்கவும்தான். அந்த இடத்தைப் பாழாக்காமல் இருக்கும் வேலையை எந்தக் கட்டணம் கொடுத்தும் இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. அது குடியிருப்பவர்களோடுதான் இருக்கிறது. சட்டம் எங்கே வரும், எங்கே வராது, பேச்சு எங்கே பலிக்கும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் வழி உண்டு. குடியிருப்புப் பேட்டைப் பராமரிப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு அக்கம்பக்கத்துப் பூசல்களில் இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் பேசும் தொண்டூழியத்துக்கு வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டணம். பேட்டைப் பராமரிப்பு ஒருகாலத்தில் முழுக்க வீவகவின் கையில்தான் இருந்தது. 1986-ல் அங் மோ கியோ வட்டாரத்தில் சோதனை முறையில் நகர மன்றங்கள் தொடங்கின. 1988-ல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர்த் தொட்டி, புளோக்குக்குச் சாயம் பூசுவது, தரை கழுவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டணத்தில் ஒரு பகுதி எதிர்காலப் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்குப் போகிறது. மின்தூக்கி வாசலில் யாரோ இரவோடிரவாகப் போட்டுவிட்டுப் போன மெத்தையை அகற்றும் செலவும், அடைத்துக்கொண்ட குப்பைக் குழாயைத் திறக்கும் செலவும் அதே பணத்திலிருந்துதான் போகின்றன. போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே கட்டணம். ஆகவே "காசு கொடுக்கிறோம், அவர்கள் செய்யட்டும்" என்பவர் தம் பணத்தைத்தான் விரயமாக்குகிறார். சாயம் பூசப் போகவேண்டிய காசு மெத்தை தூக்கப் போகிறது.

இந்தப் பேட்டைகள் பிறக்கும்போதே சுத்தமாகப் பிறந்தவை என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீவக தொடங்கியது 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி. அடுத்த ஆண்டு மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். கம்பத்து (கிராமத்து) வீடுகளில் தரையோடு தரையாக வாழ்ந்தவர்கள் பத்து மாடிக் கட்டடங்களுக்கு மாறினார்கள். கம்பத்தில் கழுவிய தண்ணீரை வாசலில் வீசினால் மண் குடித்துவிடும். பத்தாவது மாடியிலிருந்து வீசினால் யார் தலையிலாவது விழும். இந்த வேறுபாட்டை ஒரு தலைமுறையே புதிதாகப் பழகவேண்டியிருந்தது. 1968 அக்டோபர் 1-ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்ததும், 1979-ல் பண்பன்பு இயக்கம் வந்ததும் இந்தப் பின்னணியில்தான். 1980-களில் மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்கவே தனிக் கருவி பொருத்தினார்கள். சிறுநீர் பட்டால் கதவு திறக்காது. ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்வார். இன்று மின்தூக்கிக்குள் நுழையும்போது நாம் அதை நினைப்பதுகூட இல்லை. சட்டமும் கருவியும் உதவின என்பது உண்மை. ஆனால் தம் பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்த பெற்றோர் இல்லாமல் அது நிலைத்திருக்காது.

இன்று சிங்கப்பூரில் வசிப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரை வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். வீடுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. நம் வீட்டின் தரைதான் கீழ்வீட்டின் கூரை. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. கான்கிரீட் பலகை ஒன்றுதான். மேலே நாம் நடக்கிறோம், கீழே அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கூரையில் நீர்க்கசிவு வரும்போது இது பளிச்சென்று தெரியும். கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்து சாயம் உரிகிறது. காரணம் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் காலப்போக்கில் தேய்ந்துபோவது. மேல்வீட்டார் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவும் தெரியாது. அதனால் கீழ்வீட்டார் போய்க் கதவைத் தட்டினால் "எங்கள் வீட்டில் ஒன்றுமில்லையே" என்பார்கள். அது பொய்யாக இருக்காது. வீவக இதற்கு வைத்திருக்கும் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தைப் பாருங்கள்: தகுதிபெறும் வீடுகளில் செலவில் பாதியை வீவக ஏற்கிறது, மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்கு. தண்ணீர் ஒழுகுவது மேலிருந்துதானே, கீழ்வீட்டார் ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று பலர் கொதிப்பார்கள். அந்தப் பலகை இருவருக்கும் பொது என்பதுதான் அதற்கு விடை. எனக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடிக்கும். யார் குற்றம் என்று தேடாமல் எது பொது என்று பார்த்துச் செலவைப் பிரிக்கிறது. புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரைக்கல்லைப் பெயர்க்கக்கூடாது என்ற விதியும் இந்தப் படலத்தைக் காப்பாற்றத்தான். புதுப்பிப்பு வேலை செய்யும்போது குத்தகையாளர் "பரவாயில்லை சார்" என்றால் நம்பாதீர்கள்.

அடுத்தது குழாய். சமையலறைக் கழிவுநீர் மாடிக்கு மாடி ஒரே செங்குத்துக் குழாயில்தான் இறங்குகிறது. நம் வீடுகளில் வடித்த கஞ்சி, தாளித்த எண்ணெய், நெய், டீத்தூள் எல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியில் போய்விடுகின்றன. சூடாக இருக்கும்போது ஓடும் எண்ணெய், குழாய்க்குள் ஆறியதும் சுவரில் படிந்து, சோற்றுப் பருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடைப்பு விழுந்தால் ஊற்றியவர் வீட்டில் ஒன்றும் ஆகாது. அடியில் இருக்கும் வீட்டுத் தொட்டியில்தான் கறுப்புத் தண்ணீர் பொங்கி மேலே வரும். பெரிய நாளன்று பலகாரம் சுட்டு முடித்த மறுநாள் இப்படிப் பொங்கி, வயதான ஒரு தம்பதி சமையலறை முழுக்கப் பழைய துணியை விரித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்திய எண்ணெயை ஆறவிட்டுப் பழைய நாளிதழில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டால் போதும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

குப்பைக் குழாயும் அப்படித்தான். பழைய புளோக்குகளில் ஒவ்வொரு சமையலறையிலும் குழாய்வாய் இருக்கும். 1989-க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் மாடிக்கு ஒன்று, பொது இடத்தில். பையைக் கட்டாமல் போட்டால் மீன் கழுவிய தண்ணீர் குழாய்ச் சுவர் முழுக்க வழிந்து கரப்பான்பூச்சிக்கு விருந்தாகிறது. பீட்சா பெட்டியை மடிக்காமல் திணித்தால் நடுவழியில் சிக்கிக்கொண்டு மேலே பத்து வீட்டுக் குப்பை தேங்கிவிடும். அணையாத சிகரெட்டோ கரித்துண்டோ உள்ளே போனால் குழாய்க்குள் தீ. புளோக்குகளில் இது அடிக்கடி நடக்கிற ஒன்று. தீயைவிடப் புகைதான் மாடி மாடியாகப் பரவித் தொல்லை கொடுக்கும். நீல நிற மறுபயனீட்டுத் தொட்டி 2014 முதல் ஒவ்வொரு புளோக்குக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் விழுபவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதவை. பாதி குடித்த மைலோ பொட்டலம் ஒன்று ஊற்றிக்கொண்டால் ஒரு கட்டுத் தாளே கெட்டுவிடும். நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமான செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் தொல்லைக்கு வருகிறேன். மேலிருந்து விழுபவற்றில் சட்டம் தெளிவாகவும் கடுமையாகவும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பத்தாவது மாடியைத் தரையிலிருந்து 28 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழும் பூந்தொட்டி தரையைத் தொடும்போது, காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருக்கும். விரைவுச்சாலையில் ஓடும் காரின் வேகம். ஆளைக் கொல்லக்கூடிய பொருளை எறிந்தால் குற்றவியல் நடவடிக்கை உண்டு. வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளவும் வீவகவுக்கு அதிகாரம் உண்டு.

சிகரெட் துண்டு போன்ற சிறு குப்பையைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் பார்க்கிறது. 2012 முதல் புளோக்குகளை நோக்கிக் கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் எந்த வீட்டுச் சன்னலிலிருந்து விழுந்தது என்று தெரிந்தாலும், வீட்டில் யார் எறிந்தது என்று நிரூபிக்க முடியாமல் தவிப்பார்கள். 2023 ஜூலை 1 முதல் அது மாறிவிட்டது. எந்த வீட்டிலிருந்து விழுந்தது என்று உறுதியானால், அந்த வீட்டு உரிமையாளரோ வாடகைக்கு இருப்பவரோதான் எறிந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் 14 நாளுக்குள் விவரம் தந்து மறுக்கவேண்டும். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் முதல்முறை 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அடுத்தடுத்த முறைகளில் 4,000, பிறகு 10,000 வரை ஏறும். பொது இடத்தைக் கூட்டும் சீர்திருத்தப் பணி ஆணையும் சேர்ந்து வரலாம். வாடகைக்கு அறை விடும் உரிமையாளர்கள் இதைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று, சன்னல். வெளிப்பக்கம் திறக்கும் அலுமினியச் சன்னல்களின் பழைய அலுமினிய ஆணிகள் அரித்துப்போய்ச் சன்னலே கழன்று விழுந்த காலம் உண்டு. 2004 முதல் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியிருக்கவேண்டும் என்பது சட்டம். அது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நகர மன்றம் வந்து பார்க்காது. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கியிருந்தால் இந்த வாரமே ஒருமுறை ஆணிகளைப் பாருங்கள்.

காக்கைக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், நம்மவர்களிடம் யாரும் சொல்லத் தயங்குவார்கள். அமாவாசையன்று சன்னல் விளிம்பில் ஒரு கைப்பிடி வைப்பது முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை, எனக்கும் தெரியும். ஆனால் புறா உள்ளிட்ட வனவிலங்குகளுக்கு உணவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். அந்தச் சோற்றுக்கு வரும் புறாக்கள் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமீது எச்சமிடும். ஒரு வீட்டின் படையலை மூன்று வீடுகள் கழுவவேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே படைத்துவிட்டு அதை நாமே பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாம். கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். முன்னோர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

தாழ்வாரத்துக்கு வருவோம். அது யாருடைய சொத்தும் இல்லை என்பதால் எல்லாரும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் நான் கண்டிப்பானவன் கிடையாது. வாசலில் துளசித் தொட்டி, செருப்பு அடுக்கு, கோலம், பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) வைத்திருக்கும் பாண்டான் செடி எல்லாம் சேர்ந்துதான் ஒரு மாடிக்கு உயிர் கொடுக்கின்றன. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டால் மருத்துவமனைத் தாழ்வாரம் மாதிரி ஆகிவிடும். எல்லை எது என்பதைத் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை சொல்லியிருக்கிறது: குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்கவேண்டும். தீப்பற்றக்கூடிய பொருள்களைக் குவிக்கக்கூடாது. இந்த 1.2 மீட்டர் சும்மா வந்த எண் இல்லை. புகை சூழ்ந்த இருட்டில் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு ஓடிவரும் குடும்பத்துக்கும், எதிரே தூக்குப்படுக்கையோடு வரும் தீயணைப்பாளருக்கும் அது வழி. சக்கரநாற்காலியில் இருப்பவருக்கு அது தினமும் வேண்டிய வழி. பழைய நாளிதழ்க் கட்டு, அட்டைப்பெட்டி, சோஃபா, மெத்தை ஆகியவைதான் மிக ஆபத்தானவை. ஒரு சிகரெட் துண்டு போதும். கார்த்திகை தீபத்துக்கு வாசலில் அகல் ஏற்றுகிறவர்கள் அது அணையும்வரை கூட இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு அட்டைப்பெட்டிகளுக்கு அருகில் ஏற்றவே கூடாது.

சாமான் குவிவதற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதி, எப்படி அகற்றுவது என்று தெரியாமை. முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான நகர மன்றங்கள் பெரிய பொருள்களைக் கட்டணமில்லாமல் எடுத்துச்செல்கின்றன. மாதத்துக்கு இத்தனை உருப்படி என்று வரம்பு மட்டும் உண்டு. புதுப்பிப்பு வேலையில் வந்த கல்லும் மண்ணும் இதில் சேராது. அதைக் குத்தகையாளர்தான் ஏற்றிச் செல்லவேண்டும். உங்கள் பக்கத்து வீட்டார் வயதானவர்களா என்று பாருங்கள். அலமாரியைக் கீழே இறக்கக் கையில் பலமில்லாமலோ, தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசத் தயங்கியோ வைத்திருப்பவர்கள் நிறைய. "ஆன்ட்டி, நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, வந்து எடுத்துக்கொள்வார்கள்" என்று கேட்டு ஒரே வாரத்தில் தாழ்வாரம் காலியான கதைகள் உண்டு. சில வீடுகளில் பொருள் சேர்ப்பது நோயாகவே இருக்கும். வாசல் கதவு திறக்க முடியாத அளவுக்கு உள்ளே நிறைந்திருக்கும். அங்கே உங்கள் பேச்சு உதவாது. நகர மன்றத்திடமோ, குடியிருப்புப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியிலோ தெரிவியுங்கள். அவர்களுக்கு மனநல, சமூக சேவைத் துணை தேவை. அவர்களை வசைபாடுவது கொடுமை.

இனிச் சத்தம். பூசல்களில் மிகக் கடினமானது இதுதான், ஏனென்றால் அதைப் படமெடுத்துக் காட்ட முடியாது. ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: தலைக்கு மேலே கேட்பது மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாற்காலி இழுப்பு, குதிப்பு, இடிப்பு போன்ற அதிர்வுகள் கான்கிரீட் பலகை, தூண் வழியே பக்கவாட்டிலும் இரண்டு மாடி தாண்டியும் பயணம் செய்யும். குழாய்க்குள் நீரழுத்தம் திடீரென மாறினாலும் தட்டும் சத்தம் வரும். மேல்வீட்டாரை மாதக்கணக்கில் திட்டிவிட்டு, அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோதும் சத்தம் நிற்கவில்லை என்று கண்டுபிடித்தவர்கள் மத்தியஸ்த மேசைக்கு வந்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு குடும்பமும் மின்தூக்கியில் முகம் பார்க்காத நிலைக்குப் போயிருக்கும்.

விதி என்று இருப்பவை சில. புதுப்பிப்பு வேலையில் துளையிடுவது, உடைப்பது போன்ற இரைச்சல் வேலைகள் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. 2022-ல் அமைக்கப்பட்ட அக்கம்பக்க இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை ஒரு நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நாற்காலி இழுத்தார் என்று போலீஸ் வந்து யாரையும் பிடித்துப்போகாது.

அதனால்தான் பேசுங்கள் என்கிறேன். எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இரவில் போகாதீர்கள். கோபம் குரலில் தெரியும், அவர்களும் தூக்க உடையில் இருப்பார்கள். மறுநாள் மாலை, இரவு உணவுக்கு முன் போங்கள். முடிந்தால் கணவன் மனைவி சேர்ந்து போங்கள். "நீங்கள் சத்தம் போடுகிறீர்கள்" என்று தொடங்கினால் அவர்கள் மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. "கீழே குடிவந்திருக்கிறோம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை, உங்களுக்கும் கேட்கிறதா?" என்று கேளுங்கள். பாதி நேரம் அங்கேயே விடை கிடைக்கும். இரவு வேலை முடித்து வரும் பாதுகாவலர் அப்போதுதான் சாப்பிட உட்காருகிறார். அல்லது ஊன்றுநடை பிடித்து நடக்கும் பாட்டி கழிவறைக்குப் போகிறார். அல்லது மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகள், மேசையடியில் ஒரு தரைவிரிப்பு, கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போடுவது என்று தீர்வுகள் பெரும்பாலும் மலிவானவை. காரணம் தெரிந்த சத்தம் பாதியாகக் குறைந்து கேட்கும். இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாமும் சத்தம் போடுகிறவர்கள்தான். விடிகாலை ஐந்தரைக்குச் சட்னி அரைக்கும் மிக்ஸி, தரையில் வைத்து இடிக்கும் உரல், ஞாயிறு காலை பக்திப்பாடல், தீபாவளிக்கு முதல்நாள் நள்ளிரவு வரை உறவினர் கூட்டம். உரலுக்கடியில் தடித்த துணியை மடித்துப் போட்டால் அதிர்வு வெகுவாகக் குறையும். விருந்து வைக்கும் வாரத்தில் மேலும் கீழும் பக்கத்திலும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் கோபிப்பதில்லை.

மணம் பற்றிய பூசலும் இதோடு சேர்ந்தது. ஓர் இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசம் பிடிக்காமல் பக்கத்து வீட்டார் முறையிட்டு, மத்தியஸ்தத்தில் அந்த இந்தியக் குடும்பம் பக்கத்து வீட்டார் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பதாகவும், அவர்கள் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்ட ஒரு பழைய வழக்கு 2011-ல் செய்தியாகி நாடே பேசியது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி எல்லா இனத்தவரும் குழம்பு வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. சமைப்பது பண்பாடு, அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. அதேநேரம் அந்த ஏற்பாட்டை அந்த இரு குடும்பங்களும் தாங்களே பேசி முடிவுசெய்தார்கள் என்பதையும் மதிக்கிறேன். 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறோம். சாம்பிராணி, ஊதுவத்தி, சீனர்கள் தங்கள் ஏழாம் மாதத்தில் எரிக்கும் தாள், கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம், சீனர் ஈமச்சடங்கு எல்லாம் இங்கே உண்டு. இன்று நாம் பொறுத்துக்கொள்வதை நாளை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கொசு பற்றிச் சுருக்கமாக. 2020-ல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய புளோக்குகளில் துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாய், பூசைக்கு வைத்து மறந்த செம்பு இவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டவேண்டும். ஊருக்குப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் பூட்டிய வீட்டில் பிறக்கும் கொசு கடிப்பது இங்கே இருப்பவர்களை.

பேச்சு பலிக்கவில்லை என்றால் என்ன செய்வது? சமூக மத்தியஸ்த நிலையம் 1998 முதல் இருக்கிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள்; தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதிலும் முடியாவிட்டால் 2015-ல் தொடங்கிய சமூகப் பூசல் தீர்ப்பு நடுவர் மன்றம். தொல்லையை நிறுத்த உத்தரவிடவும் 20,000 வெள்ளி வரை இழப்பீடு தரச்சொல்லவும் அதனால் முடியும். மிக மோசமான இரைச்சல், பொருள் குவிப்பு வழக்குகளுக்காக 2025-ல் தெம்பனீஸ் வட்டாரத்தில் சமூக உறவுப் பிரிவு என்று அதிகாரம் கொண்ட ஓர் அமைப்பைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். ஆனால் நடுவர் மன்றத்துக்குப் போய் வென்றாலும் மறுநாள் காலை அதே மின்தூக்கியில்தான் இருவரும் நிற்கவேண்டும். அதனால் அதை கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நடுவே காலை ஏழு மணிக்குள் உங்கள் மாடியைக் கூட்டி முடித்துவிடும் துப்புரவாளரை நினைத்துப் பாருங்கள். பலர் வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிகள், சிலர் எழுபதை நெருங்கும் நம் நாட்டவர்கள். நம் பேட்டைகள் சுத்தமாகத் தெரிவதற்கு அவர்களே பெரும் காரணம்; நாம் எவ்வளவு குப்பை போடுகிறோம் என்பது நமக்கே தெரியாமல் போவதற்கும் அவர்கள் உழைப்புதான் காரணம். 2013-ல் நீ சூன் சவுத் தொகுதியில் துப்புரவாளர்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் சேர்ந்த குப்பையைக் குடியிருப்பாளர்களே கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கினார்கள். எல்லாத் தொகுதிகளிலும் இதை வழக்கமாகச் செய்யவேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் இப்படிச் செய்யுங்கள். சிகரெட் துண்டுக்கு நீங்கள் யாரிடமும் பேசவேண்டாம். எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியாது, தப்பான கதவைத் தட்டினால் வீண் பகை. விழும் இடம், நாள், நேரத்தைக் குறித்து, படத்தோடு ஒன்சர்வீஸ் செயலியில் போடுங்கள். ஒருமுறை போட்டு விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஒரே நேரத்தில் விழுகிறது என்று தெரிந்தால்தான் கேமரா வைக்க முடியும். தாழ்வாரச் சாமானுக்கு முதலில் உதவிக் கை நீட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றமில்லை, வழியும் 1.2 மீட்டருக்குக் குறைவு என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள். சத்தத்துக்கு நேரில் போங்கள். வீட்டில் ஆளில்லாமல் கடிதம் வைப்பதானால் உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள். பெயரில்லாத கடிதத்தைப் படிப்பவர் அந்த மாடியில் இருக்கும் எல்லாரையும் சந்தேகப்படுவார், அதில் உங்களையும் சேர்த்துத்தான்.